தன்ராஜ் பிள்ளைக்கு ஒலிம்பிக் மெடல் இல்ல, அப்புறம் ஏன் அவர இவ்ளோ கொண்டாடுறாங்க?

நாலு ஒலிம்பிக் ஆடியிருக்காரு, ஒரு மெடல் கூட இல்ல, நாலு வேர்ல்ட் கப் ஆடியிருக்காரு, ஒரு தடவ கூட செமிஃபைனல் போகல, அப்புறம் எதுக்கு அவர தியான் சந்த் வரிசைல வச்சு பேசுறாங்கன்னு கேட்டிருக்கீங்க. நியாயமான கேள்வி தான், ரெக்கார்ட மட்டும் எடுத்து வச்சு பாத்தா யாருக்கும் இந்த சந்தேகம் வரும். ஆனா அந்த ரெக்கார்டுல இருக்குறது இந்தியா டீமோட ரெக்கார்டு, தன்ராஜோட ஆட்டம் அதுல கொஞ்சம் தான் தெரியும். 1989 டிசம்பர்ல இருந்து 2004 ஆகஸ்ட் வரைக்கும் இந்திய ஹாக்கி எந்த நிலமைல இருந்துச்சு, அதுக்குள்ள இந்த ஆளு என்ன பண்ணாருன்னு சேத்து சொன்னா தான் பதில் முழுசாகும், அதனால கொஞ்சம் நீளமா போகும், பொறுத்துக்கோங்க.

முதல்ல ஆளு யாருன்னு. அப்பா நாகலிங்கம் பிள்ளை, அம்மா ஆண்டாளம்மா, வீட்ல பேசுறது தமிழ். ஆனா பொறந்தது 1968 ஜூலை 16, புனே பக்கத்துல கட்கி. கட்கி ஒரு கன்டோன்மென்ட் ஏரியா, பிரிட்டிஷ்காரன் காலத்துல இருந்து அங்க வெடிமருந்து ஃபேக்டரி இருக்கு, அப்பாவுக்கு அந்த ஆர்ட்னன்ஸ் ஃபேக்டரி கிரவுண்டுல கிரவுண்ட்ஸ்மேன் வேல. அஞ்சு பசங்க, ஃபேக்டரி குவாட்டர்ஸ், ஒரு சம்பளம். அஞ்சு பேருக்கும் ஸ்டிக் வாங்கி குடுக்குற வசதியெல்லாம் சத்தியமா கிடையாது, ஒடஞ்சு போன ஸ்டிக்கையும் பெரிய பசங்க தூக்கி போட்ட பழைய பந்தையும் வச்சு தான் ஆடிருக்காங்க. காசு இல்லாட்டியும் அஞ்சு பேரையும் ஹாக்கி ஆடுங்கடான்னு அனுப்புனது அம்மா தான்னு தன்ராஜ் பல பேட்டில சொல்லிருக்காரு. இன்னைக்கும் அவருக்கு தமிழ், மராத்தி, இந்தி, இங்கிலீஷ் நாலும் வரும்.

அந்த கிரவுண்டு பத்தி ஒண்ணு சொல்லணும், ஏன்னா அவர் ஆட்டத்தோட பாதி ரகசியம் அங்க தான் இருக்குன்னு நான் நினைக்கிறேன். அது ஒட்டுற களிமண் தரை. அந்த மாதிரி தரைல பந்து நேரா வராது, திடீர்னு நிக்கும், திடீர்னு தாவும், அதனால பந்த ஸ்டிக்க விட்டு விலக விடாம ஒட்ட வச்சுக்கிட்டே ஓட கத்துக்கணும், இல்லன்னா பந்து உங்க கைல இருக்காது. ஹாக்கி ஸ்டிக்ல தட்டையான ஒரு பக்கத்துல தான் பந்த தொடலாம், பின்னாடி இருக்குற உருண்ட பக்கம் பட்டா ஃபவுல், அதனால பந்து உங்க இடது பக்கம் போச்சுன்னா மணிக்கட்ட திருப்பி ஸ்டிக்க தலகீழா புரட்டி தான் எடுக்கணும், அத தான் ரிவர்ஸ்னு சொல்றோம். தன்ராஜ் அத ஓடுற வேகம் கொறையாம பண்ணுவாரு. நிறைய பேருக்கு டாட்ஜ், அதாவது டிஃபெண்டர ஏமாத்தி தாண்டி போறது, தெரியும், ஆனா டாட்ஜ் அடிக்குறதுக்கு ஒரு நொடி வேகத்த கொறப்பாங்க, டிஃபெண்டருக்கு அந்த ஒரு நொடி போதும். இவர் கொறைக்கவே மாட்டாரு. சின்ன வயசுல அவருக்கு ஹீரோ முகமது ஷாஹித், 1980 மாஸ்கோ கோல்டு டீம்ல இருந்தவர், வாரணாசிக்காரர், டாட்ஜுக்கே பேர் போன ஆளு, அவர மாதிரியே ஆடணும்னு பாத்து பாத்து பழகுனது தான்.

80கள் நடுவுல பாம்பேக்கு போறாரு. அண்ணன் ரமேஷ் அங்க ஆர்சிஎஃப்ங்குற உரக் கம்பெனி டீமுக்கு லீக் ஆடிக்கிட்டு இருந்தாரு, அவரும் இந்தியாவுக்கு ஆடுனவர் தான். தம்பிய கூட வச்சுக்கிட்டு வளத்து விட்டது அண்ணன். அப்புறம் மஹிந்த்ரா டீம், அங்க ஜோக்கிம் கார்வாலோ கிட்ட ட்ரெயினிங், 1989ல டெல்லில நடந்த ஆசியா கப்ல இந்தியா ஜெர்சி. பாம்பே லீக் அப்ப சாதாரணமானது இல்ல, ரயில்வே, ஏர் இந்தியா, பேங்க்னு எல்லாரும் ப்ளேயர்ஸுக்கு வேல குடுத்து டீம் வச்சிருந்த காலம். ஹாக்கில காசு கிடையாது, வேல கெடைக்கும், அந்த வேலைய நம்பி தான் ஏழை வீட்டு பசங்க இதுக்குள்ள வந்தாங்க.

இப்ப உங்க கேள்விக்கு வர்றேன், ஏன் மெடல் இல்ல.

1976 மான்ட்ரியல் ஒலிம்பிக்ல இருந்து ஹாக்கி செயற்கை டர்ஃபுக்கு, அதாவது செயற்கை புல் தரைக்கு மாறிடுச்சு. டர்ஃபுல தண்ணி அடிச்சு விடுவாங்க, பந்து சல்லுனு போகும், தூரத்து பாஸ் கரெக்டா போய் சேரும், ஓட்டமும் உடம்பு பலமும் முக்கியமாச்சு. யூரோப்ல ஒவ்வொரு கிளப்புலயும் டர்ஃப் போட்டுட்டான், நம்ம பசங்க இந்தியா கேம்ப்புக்கு போனா தான் டர்ஃபயே கண்ணால பாக்குற நிலமை, அதுக்கு முன்னாடி வரைக்கும் மண்ணுலயும் புல்லுலயும் தான். 1980ல மாஸ்கோவுல கோல்டு வாங்குனோம், கேப்டன் நம்ம வாசுதேவன் பாஸ்கரன், அதுக்கு அப்புறம் அடுத்த ஒலிம்பிக் மெடல் எப்ப தெரியுமா, டோக்கியோ, 2021ல. 41 வருஷம். தன்ராஜோட மொத்த கேரியரும் இந்த பள்ளத்துக்குள்ள தான் விழுது. அவர் ஆடுன நாலு ஒலிம்பிக்ல இந்தியா வந்த எடம் 1992 பார்சிலோனால 7, 1996 அட்லாண்டால 8, 2000 சிட்னில 7, 2004 ஏதென்ஸ்ல 7. வேர்ல்ட் கப்ல 1990 லாகூர்ல 10, 1994 சிட்னில 5, 1998 உட்ரெக்ட்ல 9, 2002 கோலாலம்பூர்ல 10.

இதுல 1994 சிட்னி வேர்ல்ட் கப்ப மட்டும் தனியா எடுத்து பாருங்க. டீம் அஞ்சாவது எடம். அந்த டோர்னமெண்ட் முடிஞ்சு வேர்ல்ட் லெவன்னு பதினோரு பேர தேர்ந்தெடுத்தப்ப அதுல இருந்த ஒரே இந்தியன் தன்ராஜ். அதே வேர்ல்ட் கப்ப ஜெயிச்சது பாகிஸ்தான், அவங்க கேப்டன் ஷாபாஸ் அகமது. ஷாபாஸும் தன்ராஜும் கிட்டத்தட்ட ஒரே காலம், ரெண்டு பேரும் பந்தோட ஓடுற ஆளுங்க, ரெண்டு பேர் ஆட்டத்தயும் பாத்தவங்க யாரு பெருசுன்னு இன்னும் சண்ட போட்டுக்கிட்டு இருக்காங்க. ஆனா ஷாபாஸுக்கு பின்னாடி ஒரு முழு டீம் இருந்துச்சு, தன்ராஜுக்கு அது பாதி நேரம் அமையல.

இன்னொரு விஷயம் நிறைய பேர் பேசுறதில்ல, பெனால்டி கார்னர். ஃபார்வர்ட் உயிர குடுத்து டிக்குள்ள, அதாவது கோலுக்கு முன்னாடி இருக்குற அரைவட்டத்துக்குள்ள போனா எதிர் டீம் டிஃபெண்டர் கால்ல பந்து படும், இல்ல ஸ்டிக்க வெட்டுவான், உங்களுக்கு கார்னர் கெடைக்கும். அத கோலா மாத்த ஒரு ட்ராக் ஃப்ளிக்கர் வேணும், பந்த ஸ்டிக்கோட இழுத்து வேகமா கோலுக்குள்ள எறியுற ஆளு. பாகிஸ்தானுக்கு 1998ல சோஹைல் அப்பாஸ் வந்தான், பெஷாவர்ல நமக்கு எதிரா தான் முதல் மேட்ச், ரிட்டயர் ஆகும்போது 348 கோல். நம்மகிட்ட 90கள்ல அந்த மாதிரி ஒருத்தன் இல்ல. தன்ராஜ் ட்ராக் ஃப்ளிக்கர் கிடையாது, அவர் வேல பந்த எடுத்துட்டு உள்ள போறது, அவர் வாங்கி குடுத்த கார்னர்லாம் வரிசையா வீணா போறத பாத்துட்டு உக்காந்திருந்த வயித்தெரிச்சல் அந்த காலத்து ரசிகனுக்கு தான் தெரியும்.

நான் அவர நேர்ல பாத்தது 1996 டிசம்பர்ல, எழும்பூர் ராதாகிருஷ்ணன் ஸ்டேடியத்துல சாம்பியன்ஸ் ட்ராஃபி நடந்தப்ப. இந்தியா நாலாவது வந்துச்சு, நெதர்லாந்து ஜெயிச்சாங்க. டிவில பாக்கும்போது பந்து இருக்குற எடம் மட்டும் தான் தெரியும், நேர்ல பாக்கும்போது தான் தன்ராஜ் பந்து இல்லாதப்ப என்ன பண்றாருன்னு புரிஞ்சுச்சு. ஒரு எடத்துல நிக்கவே மாட்டாரு. முடி பறக்க இடது பக்கம் ஓடுவாரு, டிஃபெண்டர இழுத்துட்டு போவாரு, பாஸ் வரலன்னா ரெண்டு கையயும் விரிச்சு கத்துவாரு, உடனே திரும்பி வந்து நடுவுல நிப்பாரு, மறுபடி ஓடுவாரு. பந்து அவர் ஸ்டிக்குக்கு வந்த நொடி மொத்த கேலரியும் எந்திரிச்சு நிக்கும், கோலுக்கு அம்பது அடி தூரத்துல இருந்தாலும் சரி. வேற எந்த இந்திய ப்ளேயருக்கும் அந்த காலத்துல அப்படி கூட்டம் எந்திரிச்சு நான் பாத்ததில்ல.

அந்த நேரத்துல தான் ஆஃப்சைட் ரூலயும் எடுத்தாங்க. அதுவரைக்கும் ஃபார்வர்ட் முன்னாடி போய் கோல் பக்கத்துல சும்மா நிக்க முடியாது, அதனால டிஃபென்ஸ் மேல ஏறி வந்து ஆடும், பின்னாடி காலி எடம் கெடைக்கும், சின்ன சின்ன பாஸ் போட்டு உள்ள போற நம்ம ஆட்டத்துக்கு அது வசதி. ரூல் போனதும் எல்லாரும் பின்னாடி கூட்டமா நின்னு தூரத்துல இருந்து அடிக்க ஆரம்பிச்சான். பழைய ஸ்டைல் ஃபார்வர்ட் நிறைய பேர் இதுல காணாம போயிட்டாங்க. தன்ராஜுக்கு அப்ப வயசு 28, அந்த வயசுல ஆட்டத்த மாத்திக்கிட்டு அதுக்கு மேலயும் எட்டு வருஷம் இண்டர்நேஷனல் ஆடுனாருன்னா அது சும்மா வந்ததில்ல.

அப்புறம் 1998. அந்த வருஷம் ஒண்ணே போதும் இந்திய ஹாக்கில என்ன நடந்துச்சுன்னு புரிய. மே, ஜூன்ல வேர்ல்ட் கப், தன்ராஜ் கேப்டன், ஒன்பதாவது எடம், ஊரே திட்டுச்சு. அதே டிசம்பர்ல பாங்காக் ஏசியன் கேம்ஸ், கேப்டன் அவர் தான், கோச் எம்.கே.கௌஷிக். ஃபைனல்ல தென் கொரியா. 1-1ல முடிஞ்சு பெனால்டி ஸ்ட்ரோக்ஸுக்கு போச்சு, அதாவது கோல்கீப்பர் மட்டும் எதிர்ல நிக்க ரெண்டு டீமும் மாத்தி மாத்தி அடிக்குறது, கோல்கீப்பர் ஆஷிஷ் பல்லால் சுவர் மாதிரி நின்னாரு, 4-2ல ஜெயிச்சோம். நம்ம சென்னை பையன் முகமது ரியாஸும் அந்த டீம்ல இருந்தாரு. ஏசியன் கேம்ஸ் ஹாக்கி கோல்டு அதுக்கு முன்னாடி நாம வாங்குனது 1966, அதுவும் இதே பாங்காக்ல, 32 வருஷம் கழிச்சு வந்த கோல்டு. அந்த டோர்னமெண்ட்ல அதிக கோல் போட்டதும் தன்ராஜ் தான்.

அந்த கோல்டு வாங்கிட்டு வந்த டீமுக்கு என்ன நடந்துச்சுன்னா, கேப்டனயும் இன்னும் ஆறு பேரையும் அடுத்த சீரிஸுக்கு டீம விட்டு தூக்கிட்டாங்க. கோச் கௌஷிக்கயும் அனுப்பிட்டாங்க. இந்திய ஹாக்கி ஃபெடரேஷன் சொன்ன காரணம், ப்ளேயர்ஸ் களைச்சு போயிருக்காங்க, ரெஸ்ட் குடுக்குறோம். ஆனா தன்ராஜ் அதுக்கு முன்னாடியே மேட்ச் ஃபீஸ் தரல, வெளிநாட்டு டூருக்கு குடுக்குற படி பத்தல, வசதி எதுவும் இல்லன்னு வெளிப்படையா பேசிக்கிட்டு இருந்தாரு, அதுக்கு தான் பழி வாங்குறாங்கன்னு ஹாக்கி பாக்குற எல்லாரும் சொன்னாங்க, நானும் அப்படி தான் நினைக்கிறேன். 32 வருஷம் கழிச்சு கோல்டு ஜெயிச்ச ஒரு டீம அடுத்த மாசமே கலைக்குற ஃபெடரேஷன் இருக்குற நாட்டுல, ஒரு ப்ளேயர் கிட்ட போய் ஏன் ஒலிம்பிக் மெடல் இல்லன்னு கேக்குறது எப்படிங்க சரியாகும்?

அவருக்கு கோவம் ஜாஸ்தின்னு ஒரு பேர் உண்டு, உண்மை தான். அம்பயர் கிட்ட கத்துவாரு, ப்ரெஸ் கிட்ட மனசுல இருக்குறத அப்படியே கொட்டிடுவாரு, தோத்தா அழுதுடுவாரு. சீனியர் ப்ளேயர் இப்படி இருக்கலாமான்னு அப்ப எழுதுனவங்க உண்டு. ஆனா அவர் கோவப்பட்ட விஷயங்கள எடுத்து பாருங்க, சம்பளம், டர்ஃப், ஷூ, சாப்பாடு, டாக்டர். அவருக்காக மட்டும் கேட்டது ஒண்ணு கூட கிடையாது. வாயில்லாத பசங்க ஒரிஸ்ஸால இருந்தும் பஞ்சாப் கிராமத்துல இருந்தும் வந்திருந்தாங்க, அவங்களுக்கும் சேத்து தான் பேசுனாரு.

சிட்னி ஒலிம்பிக் பத்தி சுருக்கமா சொல்றேன், எழுதும்போதே கஷ்டமா இருக்கு. கடைசி லீக் மேட்ச், எதிர்ல போலந்து, அவங்களுக்கு செமி வாய்ப்பே கிடையாது. நாம ஜெயிச்சா செமிஃபைனல். 1-0ல லீட்ல இருந்தோம், கடைசி ரெண்டு நிமிஷத்துக்குள்ள அவன் ஒரு கோல் போட்டு 1-1 ஆக்கிட்டான். நம்ம க்ரூப்ல இருந்து கொரியா செமிக்கு போச்சு, சில்வரோட ஊருக்கு போனாங்க. தன்ராஜ் ஒலிம்பிக் மெடலுக்கு ரொம்ப கிட்ட வந்தது அது தான், அந்த ரெண்டு நிமிஷம்.

அதுக்கு அப்புறம் அவர் ரிட்டயர் ஆயிருந்தா யாரும் தப்பா சொல்லிருக்க மாட்டாங்க, வயசு 32. ஆனா என்ன பொறுத்தவர அவரோட நல்ல ஆட்டம்ல பாதி அதுக்கு அப்புறம் தான் வந்துச்சு. 2001ல ஹோபார்ட்ல ஜூனியர் வேர்ல்ட் கப் ஜெயிச்ச பசங்க, ககன் அஜீத் சிங், தீபக் தாகூர், ப்ரப்ஜோத் சிங், ஜுக்ராஜ் சிங்னு ஒரு செட் சீனியர் டீமுக்குள்ள வந்துச்சு. தன்ராஜ் இண்டர்நேஷனல் ஆட ஆரம்பிச்சப்ப ஸ்கூல்ல இருந்த பசங்க இவங்கல்லாம், வாழ்க்கைல முதல் தடவையா அவரு போடுற பாஸ வாங்கி கோல் அடிக்க ஓடுற கால்கள் அவர சுத்தி இருந்துச்சு. ரிசல்ட்ட பாருங்க. 2002 கொலோன் சாம்பியன்ஸ் ட்ராஃபி, ப்ரான்ஸ் மேட்ச்ல பாகிஸ்தான் கிட்ட 4-3ல தோத்தோம், ஆனா டோர்னமெண்ட்டோட பெஸ்ட் ப்ளேயர் 34 வயசு தன்ராஜ் பிள்ளை. மெடல் வாங்குன மூணு டீம்ல இருந்த ஒருத்தனுக்கும் குடுக்காம நாலாவது வந்த டீம்ல இருந்த ஆளுக்கு குடுத்தாங்க, அத யோசிச்சு பாருங்க. அதே வருஷம் பூசான் ஏசியன் கேம்ஸ்ல கேப்டன், சில்வர். 2003ல கோலாலம்பூர்ல ஆசியா கப், ஜுக்ராஜ் கார் ஆக்சிடெண்ட்ல அடிபட்டு டீம்ல இல்ல, ஃபைனல்ல பாகிஸ்தான 4-2ல அடிச்சு இந்தியா முதல் தடவையா ஆசியா கப்ப தூக்குச்சு, கேப்டன் தன்ராஜ்.

நல்லா போய்க்கிட்டு இருந்த அந்த டீமுக்கு ஏதென்ஸ் ஒலிம்பிக்குக்கு சில வாரம் முன்னாடி கோச் ராஜிந்தர் சிங்க தூக்கிட்டு ஜெர்மனிக்காரர் கெர்ஹார்ட் ராக்க கொண்டு வந்தாங்க. ரெண்டு வருஷம் முன்னாடி வேர்ல்ட் கப் நடந்துக்கிட்டு இருக்கும்போதே கோச் செட்ரிக் டிசோசாவ தூக்குனாங்க, அதே கத. ஏதென்ஸ்ல தன்ராஜுக்கு வயசு 36, பெரும்பாலும் பெஞ்சுல உக்கார வச்சாங்க, ஏழாவது எடம், அதோட முடிஞ்சுது. மொத்தம் 339 மேட்ச். கோல் எத்தனன்னு கேட்டீங்கன்னா 170க்கு பக்கம்னு சொல்லுவாங்க, துல்லியமா யாராலயும் சொல்ல முடியாது, ஏன்னா ஃபெடரேஷன் கணக்கே வைக்கல. பதினஞ்சு வருஷம் நாட்டுக்கு ஆடுனவனோட கோல் கணக்கு நாட்டுகிட்ட இல்ல.

நாலு ஒலிம்பிக், நாலு வேர்ல்ட் கப், நாலு சாம்பியன்ஸ் ட்ராஃபி, நாலு ஏசியன் கேம்ஸ்னு நாலும் நாலு தடவ ஆடுன ஒரே ப்ளேயர் இவர் தான். அர்ஜுனா, கேல் ரத்னா, பத்மஸ்ரீ எல்லாம் குடுத்தாங்க. நடுவுல லண்டன் இண்டியன் ஜிம்கானா, ஃப்ரான்ஸ்ல லியோன், ஜெர்மனில ஸ்டுட்கார்ட் கிக்கர்ஸ், மலேசியா, டாக்கால அபாஹனின்னு கிளப் ஹாக்கியும் நிறைய ஆடிருக்காரு, அதுல வந்தது தான் ஓரளவு உருப்படியான காசு. 2008ல இந்தியா முதல் தடவையா ஒலிம்பிக்குக்கு க்வாலிஃபை ஆகாம போச்சு, சாண்டியாகோல பிரிட்டன் கிட்ட தோத்து, அப்ப கோச் யாருன்னா இவர பாம்பேல வளத்த அதே கார்வாலோ. அந்த வருஷமே கே.பி.எஸ்.கில் தலைமைல இருந்த ஃபெடரேஷன சஸ்பெண்ட் பண்ணி, பழைய ஹாக்கி ப்ளேயர் அஸ்லம் ஷேர் கான் தலைமைல ஒரு தற்காலிக கமிட்டி போட்டாங்க, அதுல தன்ராஜும் மெம்பர். பத்து வருஷமா யார எதிர்த்து பேசுனாரோ அவங்க போன எடத்துல போய் உக்காந்தாரு. அப்புறம் ஏர் இந்தியா, குஜராத்னு அகாடமில பசங்கள பழக்குனாரு.

நீங்க அவர் ஆட்டம் பாத்ததில்லன்னு எழுதிருந்தீங்க. யூட்யூப்ல தேடுனா பிரிண்ட் சுமாரா இருக்கும், ஆனாலும் முதல்ல 2002 கொலோன் மேட்ச்கள பாருங்க, அப்புறம் 2003 ஆசியா கப் ஃபைனல், கடைசியா 1998 பாங்காக். கோல மட்டும் வெட்டி ஒட்டுன வீடியோ வேணாம், ஒரு பாதியாவது முழுசா பாருங்க, பந்து வேற பக்கம் இருக்கும்போது அவர் எங்க ஓடுறாருன்னு கவனிங்க. பாத்துட்டு அப்பவும் உங்களுக்கு சந்தேகம் இருந்தா எழுதுங்க, மேட்ச் மேட்ச்சா எடுத்து பேசலாம்.